ஜப்பானுக்குப் போகுமுன் ஆகாய கங்கை

எங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி காயப்போடும் கொடிக்கு நேர் எதிரே நிற்கிறது கொல்லிமலை. காளப்பநாயக்கன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. தினமும் ஈரப் புடவையை உதறுவது அதன் முகத்தைப் பார்த்துத்தான். ஆனால் மலைமேல் எத்தனை தடவை போயிருக்கிறாய் என்று யாராவது கேட்டால், விரல் விட்டு எண்ணி மூன்றோடு நிறுத்திவிடுவேன். பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற அலட்சியம்தான்! எங்கெங்கிருந்தோ வண்டி பிடித்து வருகிறவர்கள் எங்கள் கடைவீதியில் நிறுத்தி டீ குடித்துவிட்டு மலை ஏறுவார்கள். நான் அவர்களை வேடிக்கை பார்த்தபடி அரைக்கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டு வீடு திரும்புவேன்.

இப்படிப்பட்ட நான் வருகிற தீபாவளி முடிந்த கையோடு ஜப்பான் பார்க்கப் போகிறேன் என்றால் நம்புவீர்களா?

என் மகளும் மாப்பிள்ளையும் டோக்கியோவில் இருக்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம். போன ஐப்பசியில் ஒருநாள் போனில், "அம்மா, நீயும் அப்பாவும் பத்து நாள் வந்துட்டுப் போங்க. டிக்கெட் நாங்க எடுக்கறோம்" என்றாள். எங்க வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மரவள்ளிக் காட்டை யார் பார்ப்பது, இரண்டு மாட்டுக்கு யார் பால் கறப்பது என்று நான் இழுத்தேன். "அதெல்லாம் என் தங்கச்சி வந்து பாத்துக்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

தெருவில் விஷயம் பரவியதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "என்னங் கண்ணு, மகள் முழுகாம இருக்குதா?" நம் ஊர் அம்மாக்கள் வெளிநாடு போனால் பிரசவம் பார்க்கத்தான் போகவேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது போலும்! "இல்லைங்க, சும்மா ஊர் பார்க்கத்தான்" என்றால், "சும்மாவா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். நான் ஏதோ திருடப் போகிறேன் என்று சொன்ன மாதிரி. இன்னும் குழந்தை இல்லாத பெண்ணின் தாய்க்கு அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்தும் என்பது கேட்கிறவர்களுக்குத் தெரிவதில்லை. போகட்டும்.

ஒரு வாரம் கழித்து மகள் ஒரு பட்டியல் அனுப்பினாள். பத்து நாளில் பதினோரு இடம். டோக்கியோ, காமகுரா, ஹக்கோனே, ஃபூஜி மலை, நிக்கோ, கியோத்தோ, நாரா, ஒசாக்கா, ஹிமெஜி கோட்டை, ஹிரோஷிமா, மியாஜிமா தீவு. எந்த ரயில், எத்தனை மணிக்கு, எங்கே சாப்பாடு, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். எங்க வீட்டுக்காரர் அதைப் பால் கணக்கு நோட்டில் ஒட்டி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். நானும் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றேன். பத்தாவதோடு நின்ற எனக்கு நிக்கோவும் ஹக்கோனேயும் எங்கே இருக்கின்றன என்று என்ன தெரியும்? மகள் ஆசையாக எழுதியதில் ஒரு வரியை அடிக்கச் சொல்ல மனசு வரவில்லை.

பட்டியலின் அடியில் சின்னதாக ஒரு குறிப்பு இருந்தது. "ஒரு நாளைக்குப் பதினைந்தாயிரம் அடி நடக்க வேண்டியிருக்கும். ஸ்டேஷன்களில் படி அதிகம். அம்மா, உன் முட்டி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றேன். அது பொய்.

என் மாமியாருக்கு எழுபத்து நாலு வயசு. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "சப்பானுக்குப் போறவ மொதல்ல நம்ம ஆகாச கங்கையில போயி ஒரு முழுக்குப் போட்டுட்டு வா, பாக்கலாம். எறங்கி ஏறிட்டீன்னா எந்த ஊருக்கு வேணும்னாலும் போலாம்" என்றார். அவர் சின்னப் பெண்ணாக இருக்கும்போது அடிவாரத்திலிருந்து நடந்தே மலை ஏறியவர். பலாப்பழமும் வாழைத்தாரும் தலைச்சுமையாக இறங்கிய காலம் அது. அவர் சொன்னால் அதில் அர்த்தம் இருக்கும்.

கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு புதன்கிழமை நானும் எங்க வீட்டுக்காரரும் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். இனி நடந்த கூத்தைக் கேளுங்கள்.

கொல்லிமலை ரோட்டுக்கு 70 கொண்டை ஊசி வளைவு. காரவள்ளி தாண்டியதும் ஆரம்பித்து, சோளக்காடு வரைக்கும் வளைவு வளைவாக எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பஸ் வாந்தி வந்துவிடுமே என்ற பயத்தில் காலையில் ஒரு வாய் காப்பி கூட இல்லாமல் ஏறினேன். அதுதான் முதல் தப்பு. வெறும் வயிறு இன்னும் புரட்டும் என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு இட்லி, எண்ணெய் இல்லாமல், ஒரு மணி நேரம் முந்தியே சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டாவது தப்பு, பின்னால் உட்கார்ந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே போனால் தலை சுற்றல் பாதி குறையும். நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு வளைவாகப் பலகையை எண்ணிக்கொண்டே போனேன். முப்பத்தெட்டில் எண்ணிக்கை நின்றது. பிளாஸ்டிக் பை திறந்தது. மீதி உங்களுக்கே தெரியும்.

மேலே போனதும் அந்தக் குளிரும் காற்றும் எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டன. காப்பிச் செடியும், மரத்தைச் சுற்றிக்கொண்டு மிளகுக் கொடியும், வழியெல்லாம் அன்னாசியும் பலாவும். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது, அவன் எங்கள் பக்கத்து வீட்டு மலைக்காரன் என்று அன்றைக்குத்தான் மனசில் பட்டது. அறப்பளீஸ்வரர் கோயிலில் கும்பிட்டுவிட்டு அருவிக்கு இறங்கினோம்.

ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கும் மேலே படி. மற்ற மலைக் கோயிலுக்கெல்லாம் முதலில் ஏறுவோம், முடியாவிட்டால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே தலைகீழ். முதலில் இறக்கம்! இறங்க இறங்க உடம்பு "சுலபமாக இருக்கிறதே" என்று ஏமாற்றுகிறது. முட்டி மட்டும் ஒவ்வொரு படிக்கும் கடுக் கடுக்கென்று சொல்லிக்கொண்டிருந்தது. நான்தான் கேட்கவில்லை. கீழே போய் நின்றால், அம்மாடி! ஐயாறு சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து ஒரே வீச்சாக விழுகிறது. சாரல் முகத்தில் அடித்தபோது, இத்தனை வருஷம் இதைப் பார்க்காமல் துணி உதறிக்கொண்டிருந்தோமே என்று அழுகை வந்தது.

திரும்பி ஏறும்போது வந்தது வினை. சுமார் இருநூறாவது படியிலேயே கண் இருட்டியது. ஓரமாக உட்கார்ந்தேன். இவர் துண்டால் விசிறினார். சுள்ளிக் கட்டோடு ஏறி வந்த மலைக்காரம்மா ஒருவர் கட்டை இறக்கி வைத்துவிட்டு, தன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் கொடுத்து, "காலையிலிருந்து என்னம்மா குடிச்சே?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. எங்கள் பையிலும் இரண்டு பாட்டில் தண்ணீர் இருந்தது. இரண்டிலும் நான் ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை.

ஏன் குடிக்கவில்லை என்று இங்கே உங்களிடம் சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைதானே, நமக்குள் என்ன? வெளியூர் கிளம்பினால் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் ஒண்ணுக்குப் போகவேண்டும். எங்கே போவது, கதவு சாத்துமா, சுத்தமாக இருக்குமா, இவரிடம் எப்படிச் சொல்வது, பஸ் கிளம்பிவிட்டால்? இந்தப் பயத்திலேயே காலையிலிருந்து சாயங்காலம் வரை நாக்கு வறள அடக்கிக்கொண்டிருப்பேன். கல்யாண வீடு, சாவு வீடு, கோயில், எங்கே போனாலும் இதே கதைதான். அன்றைக்கு அங்கே இடம் இருந்ததா இல்லையா என்று விசாரிக்கக்கூட இல்லை. கேட்கவே கூச்சம்.

எப்படியோ பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து ஏறி வந்து சேர்ந்தேன். மேலே கடையில் சூடாக முடவாட்டுக்கால் சூப் வாங்கிக் கொடுத்தார். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அது ஆட்டுக்கால் அல்ல, ஒரு கிழங்கு. ஆட்டுக்கால் மாதிரியே ரோமத்தோடு இருக்கும். மேல் தோலைச் சீவி எடுத்துவிட்டு, துண்டு போட்டு, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் வைத்து அரைத்துக் கொதிக்க வைக்கிறார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. என் முட்டி அன்றைக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குளிருக்கு அந்தக் காரம் இறங்கிய சுகம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு தடவை போகலாம். ஒரு கிழங்கு வீட்டுக்கும் வாங்கி வந்தேன்.

மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாக எரிச்சல், அடிவயிற்றில் வலி, ராத்திரி குளிர் ஜுரம். டாக்டரம்மா சிறுநீரைப் பரிசோதித்துவிட்டுத் தொற்று என்றார். மாத்திரை எழுதிவிட்டுப் பொறுமையாக விளக்கினார். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாய் ஆண்களுக்கு இருப்பதைவிட நீளம் குறைவாம். அதனால் கிருமி சீக்கிரம் பைக்குள் ஏறிவிடும். தண்ணீர் குடித்து அடிக்கடி வெளியேற்றினால் அதுவே கழுவிவிடும். குடிக்காமல், அடக்கியும் வைத்தால் கிருமிக்கு நாமே பாய் போட்டுப் படுக்க வைத்த மாதிரி. "நிறத்தைப் பாருங்க. வெளிர் மஞ்சளா இருந்தா சரி. அடர்த்தியா இருந்தா உடம்பு தண்ணி கேக்குதுன்னு அர்த்தம்" என்றார். அதோடு முட்டியையும் காட்டினேன். தேய்மானம் இப்போதுதான் ஆரம்பம், தொடைத் தசையைப் பலப்படுத்தினால் சமாளிக்கலாம் என்று ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். காலை நீட்டிப் படுத்து, முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தி ஐந்து எண்ணி விடவேண்டும். காலைக்குப் பத்துத் தடவை. செய்துகொண்டு வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முட்டி, மயக்கம், தண்ணீர் குடிக்காதது, ஜுரம், நல்லா இருக்கு என்று சொன்ன பொய், எல்லாம். வீடியோவில் அவள் முகம் கொஞ்ச நேரம் அசையவே இல்லை. லைன் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன்.

அப்புறம் சொன்னாள். "அம்மா, நான் ஸ்கூலுக்குப் போறப்போ நீதான் சொல்லுவே. பஸ் ஏறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்காதே, அங்க பாத்ரூம் போகாதே, வீட்டுக்கு வந்து போய்க்கலாம்னு. காலேஜ் நாலு வருஷமும் அப்படித்தான் இருந்தேன். எனக்கு மூணு தடவை இதே ஜுரம் வந்துச்சு. ஹாஸ்டல்ல படுத்துக் கெடந்தேன். உன்கிட்ட சொல்லலை."

சகோதரிகளே, அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புத்திமதி என்று நினைத்துத்தானே சொன்னேன்! என் அம்மா எனக்குச் சொன்னது, அதையே நான் அவளுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் நகையைவிடப் பத்திரமாகக் கை மாறியது இதுதான் போலிருக்கிறது.

மறுவாரம் அவளே பழைய பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டாள். அம்மாவும் மகளுமாகச் சேர்ந்து புதுசாகப் போட்டோம். இந்தத் தடவை போகிற வழியை வைத்து யோசிக்கவில்லை, திரும்புகிற வழியை வைத்து யோசித்தோம். ஆகாய கங்கையில் கற்ற பாடம். ஒவ்வோர் இடத்துக்கும் நான் கேட்டது மூன்று கேள்வி. முதலில் ஏற்றமா இறக்கமா? பாதியில் திரும்ப முடியுமா? பாத்ரூம் எங்கே?

மூன்றாவது கேள்விக்கு அவள் சிரித்துவிட்டாள். அந்த நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லையாம். ரயில் ஸ்டேஷன், பூங்கா, தெருமுனைக் கடை, எங்கும் உண்டு, பெரும்பாலும் காசும் கிடையாது. பல இடத்தில் உட்காரும் பலகையே சூடாக இருக்குமாம். குழாய்த் தண்ணீரை அப்படியே பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம். ஆனால் தெருவில் குப்பைத் தொட்டி அபூர்வம். நம் குப்பை நம் பையிலேயே வீடு வரை வரவேண்டும். ஆக, ஒரு காலிப் பை கட்டாயம்.

நிக்கோவைப் பற்றி அவள் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. அது டோக்கியோவுக்கு வடக்கே மலை ஊர். அசகுசா என்ற ஸ்டேஷனிலிருந்து ரயிலில் இரண்டு மணிக்குள் போய்விடலாம். அங்கிருந்து மேலே ஏறும் ரோட்டுக்கு 48 வளைவு! ஏற ஒரு ரோடு, இறங்க ஒரு ரோடு. ஏறும் ரோட்டில் 20, இறங்கும் ரோட்டில் 28. நாம் அ, ஆ, இ என்கிற மாதிரி அவர்களுக்கு இ, ரொ, ஹ என்று பழைய எழுத்து வரிசை. ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எழுத்துப் பலகை. அதனால் 'இரொஹா ஏற்றம்' என்று பெயர். மேலே சூசென்ஜி ஏரி கடல் மட்டத்துக்கு 1,269 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய நம் கொல்லிமலை உயரம்தான். அந்த ஏரித் தண்ணீர் கெகோன் என்ற அருவியாக 97 மீட்டர் விழுகிறது. நம் ஆகாய கங்கையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வித்தியாசம் எங்கே என்றால், அங்கே பாறையைக் குடைந்து 1930-லேயே லிஃப்ட் வைத்துவிட்டார்கள். ஒரு நிமிஷத்தில் நூறு மீட்டர் இறக்கி அருவிக்கு எதிரே நிறுத்திவிடுமாம்! நம் ஊர் அருவிக்கும் லிஃப்ட் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. படி இறங்கினால்தான் அந்தச் சாரலுக்கு ருசி. ஆனால் தேய்ந்த முட்டிக்காரிக்கு வழி இருக்கிறது என்று கேட்டபோது நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது. நிக்கோ பட்டியலில் நின்றது. ஒரு ராத்திரி அங்கேயே தங்கல். போன அன்றே திரும்பினால் பார்த்த மாதிரியே இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டு, ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி, அல்லது அங்கே என்ன கிடைக்குமோ அது!

பருவத்துக்கும் ஒரு சிக்கல். செர்ரிப் பூ பார்ப்பதென்றால் டோக்கியோவிலும் கியோத்தோவிலும் மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரம். இலை சிவப்பது பார்ப்பதென்றால் மலைமேல் அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடும், கியோத்தோவில் நவம்பர் கடைசியில்தான். முதல் பட்டியலில் இரண்டு இடத்துச் சிவப்பையும் துரத்திப் பிடிக்கப் பார்த்தாள். இப்போது கியோத்தோ இலை மட்டும் போதும் என்று விட்டோம். நிக்கோவில் மொட்டை மரம்தான் இருக்கும். இருக்கட்டுமே, அருவி இருக்கிறதே. குளிர் கடுமையாம். கம்பளிக்குச் சேலத்தில் அலைய வேண்டியதில்லை, அங்கேயே தன் சட்டையைத் தருவதாகச் சொல்லிவிட்டாள்.

கியோத்தோவில் ஒரே விடுதியில் நாலு ராத்திரி. தினம் ஓர் ஊர் மாறிப் பெட்டி கட்டுவது கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறவும் வேண்டாமாம். முந்தின நாளே அனுப்பினால் விடுதிக்கே கொண்டு வந்து சேர்க்கும் சேவை அங்கே உண்டு. அங்கே ஃபுஷிமி இனாரி என்ற கோயில் மலை. ஆயிரக்கணக்கான சிவப்பு வாசல்களுக்குள் நுழைந்து ஏறவேண்டும். மலை 233 மீட்டர். இது முதலில் ஏற்றம், வலித்த இடத்தில் திரும்பிவிடலாம். ஆக, நிற்கட்டும்! நாரா கியோத்தோவிலிருந்து ரயிலில் முக்கால் மணி. ஆயிரத்துக்கு மேல் மான்கள் தெருவில் திரிகின்றன, நாம் பிஸ்கோத்து காட்டினால் தலை குனிந்து வணக்கம் வைக்குமாம். பதினைந்து மீட்டர் உயரப் புத்தரும் அங்கேதான். அது அரை நாள்.

ஃபூஜி மலைக்கென்று தனியாக ஒரு நாள் இல்லை. டோக்கியோவிலிருந்து கியோத்தோ போகும் ஷின்கான்சென் ரயிலில் வலது பக்க ஜன்னல் கிடைத்தால், வானம் தெளிவாக இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே தரிசனம். அந்த ரயில் 1964 அக்டோபர் 1-ல் ஓட ஆரம்பித்தது. இரண்டேகால் மணியில் கியோத்தோ. எங்க வீட்டுக்காரருக்கு ஜப்பான் என்றாலே அந்த ரயில்தான், வேறெதையும் வெட்டுங்கள், அதில் கை வைக்காதீர்கள் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

செலவில் ஒரு விஷயம். வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏழு நாள் ரயில் பாஸ் உண்டு. 2023 அக்டோபரில் அதன் விலையை 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆக்கிவிட்டார்கள். கியோத்தோ போய் வர ஒருவருக்கு ஏறக்குறைய 28,000 யென்தான். நிக்கோவுக்குப் போவதோ வேறு கம்பெனி ரயில், அதில் இந்தப் பாஸ் செல்லாது. ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்குத்தான் பாஸ் கட்டுப்படியாகும். எங்களைப் போல் இரண்டு ஊரில் உட்கார்கிறவர்களுக்குத் தனி டிக்கெட்டே மேல். பால் கணக்கு போட்டுப் பழகிய புத்தி, இதை நானே கூட்டிக் கழித்துச் சொன்னதும் மாப்பிள்ளை அசந்துவிட்டார்!

ஹிரோஷிமாவை வெட்டியதுதான் எனக்கு மனசே ஆகவில்லை. 1945 ஆகஸ்ட் 6 என்று பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட தேதி. அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கவேண்டும் என்று இருக்கிறது. கியோத்தோவிலிருந்து இரண்டு மணிக்குள் போய்விடலாமாம். அதனால் ஒரு நாளை எழுதாமல் வெறுமே விட்டிருக்கிறோம். முட்டி சம்மதித்தால் ஹிரோஷிமா. இல்லாவிட்டால் துணி துவைத்து, தெருமுனைப் பூங்காவில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்ப்பது.

சாப்பாட்டுக்கு நான் பயப்படவில்லை. நாங்கள் கறி, மீன் சாப்பிடுகிறவர்கள்தான். சைவக்காரர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். வெறும் காய்கறி சூப் என்று கொடுத்தாலும் பல இடத்தில் அடியில் மீன் சாறு இருக்கும். சோற்று உருண்டைக்குள் புளிப்புப் பழம் வைத்து விற்கிறார்களாம், அது பிரயாணத்துக்கு நம் கட்டுச்சோறு மாதிரி. ஆனாலும் கொஞ்சம் பருப்புப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் என் பெட்டியில் ஏறத்தான் போகின்றன. மருந்து விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம் வேண்டும் என்றாள். நாம் சர்வசாதாரணமாக வாங்கும் சில சளி மாத்திரை, இருமல் மருந்துகளை அந்த நாட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. டாக்டர் எழுதிய மாத்திரையையும் ஒரு மாதத்துக்கு உள்ள அளவுதான் கொண்டு போகலாம், கூடவே மருந்துச் சீட்டு. எனக்கு அதற்காகவே டாக்டரம்மாவிடம் இன்னொரு தரம் போகவேண்டும்.

இப்போது தினமும் காலை பால் ஊற்றிவிட்டு மலை ரோட்டில் நடக்கிறேன். இடுப்பில் ஒரு தண்ணீர் பாட்டில். வழியில் தெரிந்தவர் வீட்டில் "அக்கா, கொஞ்சம் பாத்ரூம் போயிக்கட்டுமா?" என்று கேட்கப் பழகியிருக்கிறேன். முதல் நாள் நாக்கு எழவில்லை. ஆனால் ஒருத்தர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு வீட்டு அம்மா, "நானும் இப்படித்தான் கண்ணு அடக்கிக்கிட்டே இருப்பேன்" என்று அரை மணி நேரம் பேசினார்! பங்குனி முடியுமுன் மறுபடியும் ஆகாய கங்கைக்கு இறங்கப் போகிறேன். இந்தத் தடவை நூறு படிக்கு ஒரு தரம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துக்கொண்டு. மாமியாரும் கோயில் வரைக்கும் வருகிறேன் என்கிறார்.

அவரிடம் ஒரு சங்கதி சொன்னேன். அந்த நிக்கோ மலைக்குப் பெண்கள் ஏறக்கூடாது என்று ஒரு காலத்தில் தடை இருந்ததாம். 1872-ல்தான் எடுத்தார்கள். அதுவரைக்கும் மலை சாமியைக் கும்பிட வந்த பெண்கள் பாதி வழியில் ஒரு சின்ன மண்டபத்தோடு நின்று, அங்கேயிருந்தே கைகூப்பிவிட்டுத் திரும்பவேண்டும். 'பெண்கள் மண்டபம்' என்றே அதற்குப் பேர், இன்றைக்கும் இருக்கிறது.

"இப்ப வுடறாங்களா?" என்று கேட்டார்.

"விடறாங்க அத்தை. ரோட்டிலேயே பஸ்ஸில் போயிடலாம்."

கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டு மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் பொம்பளைங்க நின்னுட்டுத் திரும்புன எடத்துல எனக்காக ஒரு சூடம் பத்த வெச்சுட்டு வா சாமி" என்றார்.

விமானத்தில் சூடம் கொண்டு போக விடுவார்களா என்று மகளிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.